திரும்பி வந்த ஆறும் திரும்பாத பெண்களும்

நகரங்களின் வரலாறு பற்றிய பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு படங்களைத் திரையில் காட்டுவது என் வழக்கம். முதல் படத்தில் இரண்டு அடுக்குச் சாலை. கீழே அகலமான தார்ச்சாலை, அதன் மேலே தூண்களில் நிற்கும் விரைவுச் சாலை, இரண்டிலும் வாகனங்கள். இரண்டாவது படத்தில் தெளிந்த நீரோடை. கரையில் நாணல், நீரில் கால் நனைத்தபடி பெண்கள், குழந்தைகள். இரண்டும் ஒரே இடம் என்று சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தென்கொரியாவின் தலைநகரமான சியோலில் ஓடும் சொங்கேச்சொன் ஓடை அது. மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே கொண்டுவரப்பட்டது. "அப்போ நம்ம கூவமும் இப்படி ஆகுமா மேடம்?" என்று யாராவது ஒருத்தி கட்டாயம் கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டே, "மனசு வெச்சா ஆகும்" என்பேன்.

ஓர் ஆண்டு, கடைசி வரிசையிலிருந்து வேறொரு கேள்வி வந்தது. "ஆறு திரும்பி வந்துச்சு, சரி மேடம். அங்க இருந்தவங்க எங்க போனாங்க?"

கேட்ட மாணவி கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் குடும்பம் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. அவள் அம்மா பழைய இடத்துக்குப் பக்கத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்துவந்தார். முன்பு நடந்து போனவர், இப்போது விடிவதற்குள் பேருந்து பிடிக்கிறார். மூன்று வீடுகளில் இரண்டைத்தான் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. இதையெல்லாம் அவள் வகுப்பு முடிந்த பிறகு சொன்னாள். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பத்து ஆண்டுகளாக அந்த இரண்டு படங்களைக் காட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த மனிதர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பின்னர் ஒரு கருத்தரங்குக்காக சியோல் போக வாய்த்தபோது, கிடைத்த நேரத்தையெல்லாம் அந்த ஓடைக்கரையில் நடந்தே செலவழித்தேன். இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில்.

ஓர் அரசியின் கல்லறை

சொங்கேச்சொன் மலைகளிலிருந்து இறங்கி, பழைய சியோலின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஜோசொன் அரசர்கள் இதைத் தங்கள் தலைநகரின் வடிகாலாக வெட்டித் திருத்தினார்கள். அந்நாளில் இதற்குக் 'கேச்சொன்' என்று பெயர். தோண்டிய ஓடை என்று பொருள். 1441-இல் நீர்மட்டத்தை அளக்க மரத்தூண் நட்டார்கள். 1760-இல் யொங்ஜோ அரசர் 57 நாட்களில் சுமார் இரண்டு லட்சம் பேரை வைத்துத் தூர்வாரினார். வரலாற்று நூல்களில் இவையெல்லாம் அரசர்களின் பெயரால் இருக்கின்றன. ஆனால் ஓடையில் நான் பார்த்த முதல் வரலாறு ஒரு பெண்ணுடையது.

ஓடை தொடங்கும் சதுக்கத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் க்வாங்தொங் பாலம் வரும். பாலத்துக்குக் கீழே போய்ப் பார்த்தால், பக்கச் சுவரில் மிக நேர்த்தியாகச் செதுக்கிய கற்கள் இருக்கின்றன. மேகச் சுருள்களும் தெய்வ உருவங்களும் கொண்டவை. அவற்றில் சில தலைகீழாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன.

அவை சிந்தொக் என்ற அரசியின் கல்லறைக் கற்கள். ஜோசொன் அரசை நிறுவிய தேஜோவின் இரண்டாம் மனைவி அவர். அவருடைய மகன்தான் பட்டத்து இளவரசனாக அறிவிக்கப்பட்டான். 1396-இல் அரசி இறந்தார். இரண்டே ஆண்டுகளில், முதல் மனைவியின் மகன் ஒருவர் சிந்தொக்கின் இரு மகன்களையும் கொன்றுவிட்டு அதிகாரத்தைக் கைப்பற்றினார். பின்னாளில் தேஜோங் அரசரானவர் அவர். தந்தை இறந்த பிறகு, 1409-இல், சிற்றன்னையின் கல்லறையை நகருக்கு வெளியே தூக்கிப் போட்டார். அரசி என்ற தகுதியையும் பறித்து, ஆசைநாயகியாகக் கீழிறக்கினார். மறு ஆண்டு வெள்ளத்தில் பாலம் இடிந்தபோது, அந்தக் கல்லறையின் கற்களைக் கொண்டுவந்து புதுப் பாலம் கட்டினார்கள். அதுதான் இந்த க்வாங்தொங் பாலம்.

கொரிய மொழியில் 'தாரி' என்றால் கால், பாலம் இரண்டும்தான். ஆண்டின் முதல் பௌர்ணமியன்று பாலங்களின் மேல் நடந்தால் அந்த ஆண்டு முழுக்கக் கால்வலி வராது என்பது நம்பிக்கை. ஊரே திரண்டு இந்தப் பாலத்தில் நடந்திருக்கிறது. சிந்தொக்குக்கு அரசி என்ற தகுதி மீண்டும் கிடைத்தது 1669-இல். கற்கள் மட்டும் பாலத்திலேயே தங்கிவிட்டன. பிறகு ஓடை மூடப்பட்டபோது பாலமும் மண்ணுக்குள் போனது. ஓடை திரும்பியபோது, பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, அதே கற்களோடு மறுபடி நிறுத்தப்பட்டது.

துவைத்தவர்கள்

அரசியின் கதையாவது ஏடுகளில் இருக்கிறது. ஓடையை நாள்தோறும் பயன்படுத்திய பெண்களுக்கு ஏடு இல்லை.

கொரியர்கள் வெள்ளை உடை உடுத்தியவர்கள். அதை வெள்ளையாக வைத்திருப்பது பெண்களின் வேலை. சாம்பல் நீரில் வேகவைத்து, ஓடைக்குச் சுமந்துபோய், கல்லில் வைத்து மரக்கட்டையால் அடித்து அலசுவார்கள். காய்ந்த துணியை வீட்டில் மறுபடி இரண்டு கோல்களால் தட்டித் தட்டி மடிப்பு நீக்குவார்கள். 1890களில் கொரியாவுக்குப் பலமுறை சென்ற ஆங்கிலேயப் பயணி இசபெல்லா பேர்ட் பிஷப், இரவின் அமைதியில் கேட்ட அந்தத் தட்டும் ஓசையைப் பற்றியும், துணியே பெண்களை அடிமையாக வைத்திருப்பது பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன இன்னொரு செய்தி: சியோலில் மாலையில் ஒரு பெரிய மணி அடிக்கும். அதன் பிறகு ஆண்கள் தெருவில் இருக்கக் கூடாது. பகலில் வெளியே தலைகாட்டாத பெண்கள் அப்போதுதான் நடமாடுவார்கள்.

உயர்குடிப் பெண்களுக்கு இருட்டு மட்டுமே வெளியுலகம். ஏழைப் பெண்களுக்கும் பணிப்பெண்களுக்கும் பட்டப்பகலில் கூடிப் பேச ஓர் இடம் இருந்தது. அது ஓடையின் துவைதுறை. பார்க் தே-வொன் 1930களில் இந்த ஓடைக்கரை வாழ்க்கையை நாவலாக எழுதியபோது, துவைக்கும் பெண்களின் ஊர்ப்பேச்சிலிருந்துதான் தொடங்கினார். ஊர்ச் செய்திகள் கைமாறும் இடம் அதுதான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கு இது புதிதல்ல. நம் ஊரில் துறைக்குச் சாதியும் உண்டு. வண்ணாரப்பேட்டை என்ற பெயரில் ஒரு தொழில் தெரிகிறது. அந்தத் தொழிலில் ஊராரின் தீட்டுத்துணிகளைத் துவைத்த பெண்கள் தெரிவதில்லை.

மூடியின் மேல்

ஜப்பானிய ஆட்சியில் ஓடை சாக்கடையானது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் வீடிழந்தவர்கள் சியோலுக்கு ஓடிவந்து, இந்தக் கரைகளில் பலகைகளால் குடிசை போட்டார்கள். கட்டைகளை நட்டு ஓடையின் மேலேயே தொங்கிய குடிசைகளும் உண்டு. அரசின் கண்ணுக்கு ஓடை அவமானமாகத் தெரிந்தது. 1958-இல் கான்கிரீட்டால் மூடத் தொடங்கினார்கள். பிறகு அதற்கும் மேலே விரைவுச் சாலை எழுந்தது. குடிசைவாசிகள் பலர் நகருக்கு வெளியே லாரிகளில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். இன்று சொங்நம் நகரம் இருக்கும் இடம் அது. 1960களின் இறுதியிலிருந்து சியோலின் பல குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே குவிக்கப்பட்டார்கள். வேலை இல்லை, சரியான தண்ணீர் இல்லை, நகரத்துக்கு வரப் போதுமான பேருந்து இல்லை. 1971 ஆகஸ்ட் 10 அன்று அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த மாணவியின் அம்மா பிடிக்கும் பேருந்து நினைவுக்கு வந்தது.

மூடப்பட்ட ஓடையின் ஓரமாக 1960களின் தொடக்கத்தில் 'அமைதிச் சந்தை' என்ற நீண்ட மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. கீழே துணிக்கடைகள், மேலே தையல் பட்டறைகள். ஒரு தளத்தைக் குறுக்கே பலகையடித்து இரண்டாக்கினார்கள். அதனால் கூரை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்குள் கிராமங்களிலிருந்து வந்த சிறுமிகள் ஒரு நாளைக்கு 14, 15 மணி நேரம் வேலை செய்தார்கள். தைப்பவர்களுக்கு நூல் வெட்ட, துணி எடுத்துக் கொடுக்க, இஸ்திரி போட உதவிய சிறுமிகளை 'சிதா' என்று அழைத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த மெஷினோ அந்த எண். காற்றோட்டம் இல்லாத அறையில் துணித்தூசி. நுரையீரல் நோய் சாதாரணமாக இருந்தது.

அங்கே துணி வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜொன் தே-இல், தன் பேருந்துக் காசில் பசித்த சிறுமிகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார். தொழிலாளர் சட்டத்தைத் தானே படித்தார், தொழிலாளர்களிடம் கணக்கெடுத்தார், அரசுக்கு மனுக்கள் எழுதினார். எதுவும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, சந்தை வாசலில் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று முழங்கியபடி எரிந்தார். வயது 22.

கொரியத் தொழிலாளர் வரலாறு இந்த நாளிலிருந்து எழுதப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால் மறுநாள் என்ன நடந்தது என்பதும் வரலாறுதான். அவருடைய தாய் லீ சோ-சொன், பழைய துணி விற்றுப் பிழைத்தவர். மகனின் உடலை அடக்கம் செய்யப் பணம் தர முன்வந்தார்கள். அவர் வாங்க மறுத்தார். மகனின் கோரிக்கைகளை ஏற்றால்தான் அடக்கம் என்றார். இரண்டே வாரத்தில், நவம்பர் 27 அன்று, சொங்கே தையல் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 2011-இல் இறக்கும்வரை, சிறைக்குப் போயும் திரும்பியும், அவர் தொழிலாளர்களோடுதான் இருந்தார்.

அந்தச் சங்கத்தில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் கேட்டவற்றில் கூலியும் உண்டு, ஓய்வும் உண்டு. இன்னொன்றும் உண்டு: படிப்பு. சங்கம் நடத்திய தொழிலாளர் வகுப்பறையில், பள்ளிக்கூடம் பார்க்காத சிறுமிகள் வேலை முடித்து வந்து எழுத்துகளையும் சட்டத்தையும் கற்றார்கள். எண்ணால் அழைக்கப்பட்டவர்கள் அங்கே பெயரால் அழைக்கப்பட்டார்கள். 1977-இல் லீ சோ-சொன் கைதானார், வகுப்பறை பூட்டப்பட்டது. செப்டம்பர் 9 அன்று அதை மீட்க அந்தப் பெண்கள் உள்ளே புகுந்து போராடினார்கள். அது வடகொரியா நிறுவப்பட்ட நாள் என்பதைக் காட்டி, கம்யூனிஸ்டுகளின் சதி என்று விசாரித்தார்கள். தேதியின் பொருளே தெரியாத பெண்களைச் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் முதுமையில் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் ஆவணப்படம் 2022-இல்தான் திரையரங்குக்கு வந்தது.

மீட்டது எதை?

2000ஆம் ஆண்டு வாக்கில் விரைவுச் சாலை பழுதடைந்துவிட்டது. செப்பனிடப் பெருஞ்செலவு ஆகும். அப்படியானால் ஓடையையே திறந்துவிட்டால் என்ன என்ற பேச்சு எழுந்தது. அந்த எண்ணத்தை வளர்த்தவர்களில் ஒருவர் கொரியாவின் பெரும் நாவலாசிரியை பார்க் கியோங்-னி. அறிஞர்கள் கூடிப் பேச அவருடைய பண்பாட்டு மையம் இடம் கொடுத்தது. லீ மியுங்-பாக் இதையே தேர்தல் வாக்குறுதியாக்கி 2002-இல் மேயரானார். 2003 ஜூலையில் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபர் 1 அன்று ஓடையைத் திறந்துவைத்தார். நீளம் ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, காலம் இரண்டேகால் ஆண்டு. அவர் 2008-இல் நாட்டின் அதிபரானார்.

திறப்புக்கு முந்தைய ஆண்டே பார்க் கியோங்-னி ஒரு நாளிதழில் வருந்தி எழுதினார். இது மீட்பா, கட்டுமானத் திட்டமா என்று கேட்டார். அவசரத்தில் பழைய கற்களும் தடயங்களும் மதிக்கப்படவில்லை என்பது அவர் கோபம். இப்போது ஓடும் நீரும் மலையிலிருந்து வருவதல்ல. ஹான் ஆற்றிலிருந்து மின்மோட்டாரால் ஏற்றிச் சுத்திகரித்த நீரும் சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் சேர்த்து, நாளொன்றுக்கு சுமார் 1,20,000 டன் விடப்படுகிறது. மோட்டாரை நிறுத்தினால் ஓடை ஏறக்குறைய வறண்டுவிடும்.

மனிதர்கள்? நகராட்சி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வியாபாரிகளைச் சந்தித்துப் பேசியதாகப் பெருமையாகச் சொல்கிறார்கள். கடை வைத்திருந்தவர்களோடு பேசினார்கள். தொலைவில் கட்டிய புது வளாகத்தில் அவர்களுக்கு இடம் என்றார்கள். விலை கட்டுப்படியாகாமல் பலர் போகவில்லை. தெருவோரம் விரித்து விற்றவர்களுக்கு வந்தது காவல்துறையும் அகற்றும் படையும். 2003 நவம்பர் இறுதியில் அவர்களை அடித்து விரட்டினார்கள். பிறகு தொங்தேமுன் விளையாட்டரங்கின் மைதானத்தில் இடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கும் இடிக்கப்பட்டது. மறுபடி இடமாற்றம். அரங்கு இருந்த இடத்தில் இப்போது வடிவமைப்புக்கும் நவநாகரிக உடைக்குமான பளபளப்பான மாளிகை நிற்கிறது. அதை வடிவமைத்த ஜஹா ஹதித் உலகம் போற்றிய பெண் கட்டடக் கலைஞர். ஒரு பெண் உச்சிக்குப் போன அதே இடத்தில், பழைய துணி விற்ற பெண்கள் இரண்டு முறை எழுப்பப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

ஓடையில் 'எட்டுக் காட்சிகள்' என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் குறித்திருக்கிறார்கள். அதில் ஒன்று துவைதுறை. ஒழுங்காக அடுக்கிய கற்கள். துவைக்க யாரும் வருவதில்லை. இன்னும் கிழக்கே, ஓடையின் அருங்காட்சியகத்துக்கு எதிரே பலகைக் குடிசைகளின் மாதிரிகளைக் கட்டி வைத்தார்கள். குடிசைகளை அகற்றிய நகரம், அவற்றைக் காட்சிப்பொருளாக மறுபடி கட்டியது. ஜொன் தே-இல்லுக்குப் பாலத்தின் மேல் சிலை இருக்கிறது. 2019-இல் கரையருகே நினைவகமும் திறக்கப்பட்டது. இவை தானாக வந்தவை அல்ல. லீ சோ-சொன்னும் தையல் பெண்களும் ஆண்டுக்கணக்காக மறக்க விடாமல் இருந்ததால் வந்தவை.

இரவு ஒன்பது மணி

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஓடை எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்குக் கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து நீரில் கால் வைத்திருந்தேன். தனியாக. மேலே தெருவில் வெக்கை, கீழே இல்லை. பக்கத்துச் சாலைகளைவிட ஓடையோரம் சராசரியாக 3.3 முதல் 5.9 டிகிரி வரை வெப்பம் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். நான்கு வகை மீன்களே இருந்த இடத்தில் சில ஆண்டுகளில் 25 வகை வந்துவிட்டன. எனக்கு எதிரே, வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி கைகளை வீசி நடந்துபோனார். யாரும் காசு கேட்கவில்லை, யாரும் முறைக்கவில்லை, இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு, கூவத்தின் கரையிலோ அடையாற்றின் கரையிலோ இப்படி ஓர் இரவு வாய்த்ததில்லை. மணி அடித்த பிறகே பெண்கள் வெளியே வர முடிந்த ஊரில், மணி எதுவும் அடிக்காமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஆற்றை மீட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நதியும் நிழலும் காசில்லாமல் உட்கார ஓர் இடமும் யாரைவிடவும் அதிகமாகப் பெண்களுக்குத் தேவை. ஒற்றை அறையில் ஐந்து பேரோடு வாழும் பெண்ணுக்கு இன்னும் தேவை. ஆனால் அந்தப் பெண்ணைத்தான் முதலில் அப்புறப்படுத்துகிறோம். கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அவளை அனுப்பிவிட்டுக் கரையை அழகாக்கினால், அந்தக் குளிர்ச்சியில் உட்காரப் போகிறவள் வேறொருத்தி. சொங்கேச்சொன் கரையையொட்டி நிலத்தின் விலை முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை ஏறியது என்கிறார்கள். அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்களில் துணி வெட்டும் சிறு பட்டறைக்காரி இல்லை.

கூவத்தை மீட்பது பற்றிய கூட்டங்களில் இனி யாராவது சியோலின் அந்த இரண்டு படங்களைக் காட்டினால், நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். இந்தக் கரையில் இப்போது யார் வேலை செய்கிறார்கள்? அவர்கள் வேலைக்கு நடந்துபோகும் தூரம் நாளை எவ்வளவு ஆகும்? பேச்சுவார்த்தைக்கு யாரை அழைத்தீர்கள். பட்டா இல்லாத பெண்ணை அழைத்தீர்களா? நாளை கரையில் பெயர்ப்பலகை வைக்கும்போது யார் பெயர் இருக்கும்?

ஊர் திரும்பிய பிறகு அந்தப் பாடத்தை மாற்றிவிட்டேன். இப்போது மூன்று படங்கள் காட்டுகிறேன். விரைவுச் சாலைக்கும் ஓடைக்கும் நடுவில், கருப்பு வெள்ளையில், தாழ்ந்த கூரைக்குக் கீழே தையல் மெஷின்களின் முன் குனிந்திருக்கும் சிறுமிகள். அந்த மாணவி இப்போது முதுகலை படிக்கிறாள். ஆய்வுக்குத் தன் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாழ்ந்த பழைய கரையையே எடுத்திருக்கிறாள். எந்த வீடு எங்கே இருந்தது, அடிகுழாய் எங்கே இருந்தது, யார் எங்கே இட்லிக் கடை போட்டிருந்தார்கள் என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு வரைபடம் போடுகிறாள்.

"அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மேடம். இத்தனை நாளா யாரும் கேக்கல, அவ்வளவுதான்" என்றாள்.